முப்பத்தாறு புளியங்கொட்டை

“12-இன் காரணிகளை எழுதுக” என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால், ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் 12, 24, 36, 48 என்று ஆரம்பித்துவிடுவார்கள். நோட்டு தீர்கிற வரைக்கும் எழுதத் தயார். கேட்டது காரணி, வந்தது மடங்கு. இதைத் திருத்தித் திருத்தியே சிவப்புப் பேனா தீர்ந்துபோன கணக்கு டீச்சர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம்.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே வாய்ப்பாட்டை மேல்நோக்கிச் சொல்லித்தான் பழக்கியிருக்கிறோம். ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு என்று சொல்லச் சொல்ல எண் வளரும். காரணி அதற்கு எதிர்த் திசை. கையில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, இது எந்தெந்த வாய்ப்பாட்டில் வந்து உட்காரும் என்று தேடிப் போகவேண்டும். 12 மூன்றாம் வாய்ப்பாட்டில் வரும், நான்காம் வாய்ப்பாட்டில் வரும், ஐந்தில் வராது. மடங்குக்கு முடிவே கிடையாது. காரணிக்கு முடிவு உண்டு. எந்தக் காரணியும் அந்த எண்ணைத் தாண்டிப் போகாது. இதை வாயால் சொன்னால் நன்றாகத் தலையாட்டுவார்கள், பரீட்சையில் பழையபடி 24, 36 என்று எழுதிவைப்பார்கள். கைக்கு வேலை கொடுத்தால்தான் புத்தியில் நிற்கும்.

நான் வேலை பார்ப்பது விருதுநகர் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப்பள்ளி. எங்கள் பக்கம் கோடையில் புளியில் கொட்டை எடுக்காத தெருவே இருக்காது. ஒரு பை நிறையக் கொட்டை சேர்த்து வகுப்பு அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆளுக்குப் பன்னிரண்டு கொடுத்துத் தரையில் அடுக்கச் சொல்வேன். விதி இரண்டே இரண்டு: எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்கவேண்டும், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. ஒரே வரிசையாகப் பன்னிரண்டையும் நீட்டுவான் ஒருவன். இரண்டு வரிசை, ஆறாறாக வைப்பாள் இன்னொருத்தி. மூன்று வரிசை, நந்நான்காகவும் வரும். ஐந்து வரிசை கட்டப் பார்த்தால் வரிசைக்கு இரண்டு போக இரண்டு கையில் நிற்கும். அப்புறம் எவ்வளவு மாற்றி வைத்தாலும் இதே மூன்று கட்டம்தான், திரும்பி நிற்கும், அவ்வளவே. கட்டத்தின் நீள அகலத்தை எழுதுங்கள் என்றால் 1, 12, 2, 6, 3, 4. காரணிகள் வந்துவிட்டன. ஒருத்தரும் 24 என்று எழுதமாட்டார்கள். கையில் இருப்பதே பன்னிரண்டு கொட்டைதானே.

அடுத்து ஆளுக்கு இன்னும் ஒரே ஒரு கொட்டை தருவேன். பதின்மூன்று. வகுப்பில் கொஞ்ச நேரத்துக்குச் சத்தமே இருக்காது. நீட்டி வைப்பதைத் தவிர வேறு எதற்கும் அது மசியாது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பகா எண் என்று பெயர்; எங்கள் வகுப்பில் ‘ஒத்த வரிசைக்காரன்’. எண் பெரிதாகப் பெரிதாகப் பங்கு போடுவது எளிது என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். 36 கொட்டைக்கு ஐந்து கட்டம் வரும், 37-க்கு ஒன்றுதான். அளவுக்கும் பங்குக்கும் சம்பந்தமில்லை என்பது அங்கே புரியும். நான் காரணிப் பாடத்தில் சொல்லித்தர விரும்புவது முக்கியமாக அதைத்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குணம் உண்டு, அது அதன் பக்கத்து எண்ணைப் பார்த்தால் தெரியாது.

36-இல் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1-36, 2-18, 3-12, 4-9 என்று ஜோடி ஜோடியாக வந்துகொண்டிருந்தது, ஆறில் வந்து முட்டிக்கொள்ளும். ஆறுக்கு ஜோடி ஆறேதான். அதனால் மொத்தக் காரணிகள் ஒன்பது, ஒற்றைப்படை. 4, 9, 16, 25 என்று சதுரமாக அடுக்க முடிகிற எண்களுக்கு மட்டும்தான் இப்படி ஒற்றைப்படையில் காரணி வரும். மற்ற எல்லாவற்றுக்கும் இரட்டைப்படை. காரணமும் அந்தத் தரையிலேயே கிடக்கிறது: தனக்குத் தானே ஜோடியாக நிற்கும் காரணி சதுரத்தில் மட்டும்தான் உண்டு.

அதிலிருந்துதான் காரணிப் பாடத்தின் நிஜமான கேள்விக்குப் போகவேண்டும் என்பேன். எப்போது நிறுத்துவது? நிறைய வகுப்புகளில் இதைச் சொல்லித்தருவதே இல்லை. 84-க்குக் காரணி எழுதச் சொன்னால் பிள்ளை 1, 2, 3, 4 என்று போய், நடுவில் இரண்டை விட்டுவிட்டு, “முடிஞ்சிருச்சு டீச்சர்” என்று நீட்டுவாள். முடிந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் இருக்காது. ஜோடியாக எழுதினால் பதில் தானாக வரும். 1-84, 2-42, 3-28, 4-21, ஐந்து இல்லை, 6-14, 7-12, எட்டு இல்லை, ஒன்பது இல்லை. பத்துக்குப் போகவேண்டுமா? வேண்டாம். பத்துப் பத்து நூறு, 84-ஐத் தாண்டிவிட்டது. பத்தோ அதற்கு மேலோ ஒரு காரணி இருந்தால் அதன் ஜோடி பத்துக்குக் கீழேதான் இருக்கும், அதை ஏற்கெனவே எழுதியிருப்போம். இடப்பக்கம் ஏறுகிற எண்ணும் வலப்பக்கம் இறங்குகிற எண்ணும் சந்திக்கிற இடத்தில் பேனாவை வைத்துவிடலாம். பன்னிரண்டு காரணி, ஒன்று கூடாது, குறையாது. ஒரு வேலை முடிந்துவிட்டது என்று பிறரைக் கேட்காமல் தானே உறுதியாகச் சொல்ல முடிவது அந்த வயசில் சின்ன விஷயம் இல்லை.

ஏமாற்றுக்கார எண்கள் சில உண்டு. 51, 57, 91. பார்த்தால் ஒத்த வரிசைக்காரன் மாதிரி இருக்கும். 51 என்பது 3 × 17. 57 என்பது 3 × 19. 91 பெரியவர்களையே ஏமாற்றும். அது 7 × 13. முதல் இரண்டையும் பிடிக்க எல்லாருக்கும் தெரிந்த வழி இருக்கிறது: இலக்கங்களைக் கூட்டு, கூட்டல் மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும். ஏன் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 471-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நூறு, ஏழு பத்து, ஒரு ஒன்று. ஒவ்வொரு நூறிலும் 99-ஐ மூன்று மூன்றாகக் கட்டிவிடலாம், ஒன்று மிஞ்சும். நான்கு நூறுக்கு நான்கு மிச்சம். ஒவ்வொரு பத்திலும் ஒன்பதைக் கட்டிவிட்டால் ஒன்று மிஞ்சும். ஏழு பத்துக்கு ஏழு மிச்சம். கடைசியில் இருக்கும் ஒன்று அப்படியே. மிச்சம் எல்லாம் சேர்த்து 4 + 7 + 1 = 12. இந்தப் பன்னிரண்டை மூன்று மூன்றாகக் கட்ட முடியும், ஆகவே மொத்தமும் முடியும். ஒன்பது ஒன்பதாகக் கட்டினால் மூன்று மிஞ்சும், ஆகவே 471 ஒன்பதால் வகுபடாது. இலக்கக் கூட்டல் என்பது மந்திரம் இல்லை, மிச்சக் கணக்கு. வங்கிக் குமாஸ்தா கட்டுக் கட்டிய பிறகு சில்லறையை மட்டும் எண்ணுவது போல.

ஒன்றைப் பற்றி ஒரு வரி. 1 பகா எண்ணா? இல்லை. பகா எண்ணுக்கு இரண்டு காரணி வேண்டும், ஒன்றுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதைச் சேர்த்துக்கொண்டால் தொல்லையும் வரும்: 12-ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 2 × 3 என்று ஒரே விடைதான் வரவேண்டும், 1-ஐ உள்ளே விட்டால் முன்னால் எத்தனை ஒன்று வேண்டுமானாலும் போட்டுக்கொண்டே போகலாம்.

என் அப்பா சிவகாசியில் அச்சாபீசில் கட்டிங் மெஷினில் வேலை பார்த்தார். பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லை, ஆனால் காரணி அவர் விரலில் இருந்தது. புத்தகம் அச்சடிப்பது ஒரு பெரிய தாளில். அதை மூன்று தடவை மடித்தால் எட்டு இலை, பதினாறு பக்கம். அதற்குப் பாரம் என்று பெயர். அதனால்தான் பழைய புத்தகங்களில் 96, 112, 128, 144, 160 என்று பக்கங்கள் அதிகம் தட்டுப்படும். எல்லாம் பதினாறாம் வாய்ப்பாடு. எவராவது நூறு பக்கத்துக்குப் புத்தகம் போடவேண்டும் என்று வந்தால், “ஆறு பாரம் தொண்ணூத்தாறு, மேல நாலு பக்கத்துக்குக் கால் பாரமா அடிக்கணும், எதுக்கு வீண் செலவு? நாலு பக்கத்தைக் குறைச்சுக்கச் சொல்லு” என்பார். எழுத்தாளர்களுக்குக் கோபம் வரும். பதினாறு நூறின் காரணி இல்லை என்பதற்கு அவர் என்ன செய்வார்?

மீப்பெரு பொதுக் காரணியை நான் வகுப்பில் நடத்துவதும் கத்தரிக்கோலால்தான். 84 சென்டிமீட்டர் நீளம், 36 சென்டிமீட்டர் அகலம் உள்ள தாள். கழிவே இல்லாமல் எல்லாம் ஒரே அளவுச் சதுரமாக வெட்டவேண்டும். சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும்? முதலில் 36 × 36 சதுரம் இரண்டு வெட்டி எடுங்கள். மிச்சம் 12 × 36 துண்டு. அதில் 12 × 12 சதுரம் மூன்று, மிச்சமில்லை. விடை 12. பெரிய சதுரத்தையும் 12 × 12 சதுரங்களாக நறுக்கிவிடலாம், 36 பன்னிரண்டின் மடங்குதானே. இரண்டு எண்ணையும் பகா எண்களாக உடைத்துப் பொதுவானதைப் பொறுக்கும் முறையைப் பாடப்புத்தகம் தருகிறது, அதுவும் சரிதான். ஆனால் எண் பெரிதானால் உடைப்பதே பெரும்பாடு. வெட்டி வெட்டி மிச்சத்தைப் பார்க்கிற இந்த முறையில் எதையும் உடைக்கவேண்டியதில்லை. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தன் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் ஏழாம் பகுதியில் இதை எழுதிவைத்தார். இன்றைக்கும் கம்ப்யூட்டருக்குள் ஓடுவது பெரும்பாலும் இதன் வாரிசுதான்.

பங்கு போட்டுப் பிழைத்த சனங்கள் காரணி நிறைந்த எண்களையே தேடிப் பிடித்திருக்கிறார்கள். 1957 ஏப்ரல் 1 வரைக்கும் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. மூன்று பேருக்கு ஒரு ரூபாய் கூலி என்றால் ஆளுக்கு ஐந்தணா நான்கு தம்பிடி, பைசல். ஆறு பேர் என்றால் இரண்டணா எட்டுத் தம்பிடி. 192-க்கு 14 காரணி. அன்றைக்கு வந்த புது ரூபாய்க்கு நூறு நயா பைசா. நூறுக்கு ஒன்பதே காரணி. மூன்று பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 33, ஒரு பைசா யாருக்கு என்று சண்டை. அப்பா இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். நான் விடமாட்டேன். ஐந்து பேர் வந்திருந்தால் பழைய ரூபாயும் கைவிரித்திருக்கும். 192-ஐ ஐந்தால் வகுத்தால் இரண்டு தம்பிடி மிச்சம். தவிர, காகிதத்தில் கணக்கு எழுதுகிறவனுக்கு நூறுதான் சுகம். எந்த எண் நல்லது என்பது எத்தனை பேர் பங்குக்கு வருகிறார்கள், யார் கணக்கு எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மூன்றுக்கும் வேண்டும், ஐந்துக்கும் வேண்டும் என்றால் அறுபதுக்குப் போகவேண்டும். 1, 2, 3, 4, 5, 6 எல்லாவற்றாலும் வகுபடுகிற மிகச் சிறிய எண் அது. பாபிலோனியர்கள் அறுபதை அடியாக வைத்தே எண்களை எழுதினார்கள். மணிக்கு அறுபது நிமிஷம் அந்த வழியில் வந்ததுதான். நம் ஊர்ப் பஞ்சாங்கத்திலும் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி. அந்த நாழிகை இன்றைய கணக்கில் 24 நிமிஷம்.

பழைய தமிழ்ப் பின்னக் கணக்கிலும் இதே யோசனை ஓடுகிறது. கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் போனால் 1/16. மா என்பது 1/20. பதினாறும் இருபதும் எங்கே சந்திக்கும்? இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 80. அந்த 1/80-தான் காணி. நான்கு காணி ஒரு மா, ஐந்து காணி ஒரு வீசம். அதனாலேயே வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர்: மாவும் காணியும் சேர்ந்தது. காணியில் கால் முந்திரி, அதாவது 1/320. எண்சுவடி மனப்பாடம் செய்த திண்ணைப் பள்ளிப் பையன் மீ.சி.ம. என்று கேள்விப்பட்டதில்லை, ஆனால் அன்றாடம் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தான்.

காரணி நிறைய இருந்தால் பங்கு போட வசதி. இல்லாமல் இருப்பதும் வசதிதான், பூட்டுப் போட. ஏழாம் வகுப்பை இரண்டாகப் பிரித்து இந்த விளையாட்டை நடத்துவேன். ஒரு கூட்டத்துக்கு 89 × 97 என்று கொடுத்துப் பெருக்கச் சொல்வேன். மறு கூட்டத்துக்கு 8,633 என்று கொடுத்து, இதன் காரணிகளைக் கண்டுபிடியுங்கள் என்பேன். முதல் கூட்டம் விடையைச் சொல்லிவிட்டு வேடிக்கை பார்க்கும். மறு கூட்டம் 2, 3, 5, 7, 11 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்துக்கொண்டே போகும். 93 பெருக்கல் 93 என்பது 8,649. ஆகவே 93-க்கு உள்ளே இருக்கிற பகா எண்களைப் பார்த்தால் போதும். அப்படி 24 எண்கள் இருக்கின்றன, 24-ஆவதுதான் 89. கடைசி வகுத்தலில்தான் கதவு திறக்கும். “எங்களுக்கும் பெருக்கலே குடுத்திருக்கலாம்ல டீச்சர்” என்று முனகுவார்கள்.

போகும்போது சுலபம், திரும்பும்போது மலை. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் இதையே வைத்து ஒரு ரகசியப் பூட்டைச் செய்தார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் ஆர்.எஸ்.ஏ. என்று அழைக்கப்படும் அந்தப் பூட்டு இன்றும் இணையத்தில் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு ராட்சசப் பகா எண்களைப் பெருக்கி, வந்த விடையை ஊரறியப் போட்டுவிடலாம். அதன் காரணி தெரிந்தவனுக்குத்தான் பூட்டு திறக்கும். சவாலாக விடப்பட்டிருந்த 250 இலக்க எண் ஒன்றை 2020 பிப்ரவரியில் உடைத்தார்கள், ஏராளமான கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஓடவிட்டு. இன்று பரவலாகப் பயன்படும் பூட்டு எண் 617 இலக்கம்.

இனி எல்லாக் காரணியையும் எழுதாமலே எத்தனை என்று சொல்லும் வழி. 360-ஐப் பகா எண்களாக உடைத்தால் 2 × 2 × 2 × 3 × 3 × 5. இதன் எந்தக் காரணியும் இந்தச் சரக்கிலிருந்துதான் வரமுடியும். இரண்டை எடுக்காமல் விடலாம். ஒன்று, இரண்டு, மூன்று எடுக்கலாம்: நான்கு வழி. மூன்றில் மூன்று வழி. ஐந்தில் இரண்டு வழி, எடு அல்லது விடு. 4 × 3 × 2 = 24. எதையுமே எடுக்காவிட்டால் வருவது 1, எல்லாவற்றையும் எடுத்தால் 360. காரணிகள் 24.

இந்தக் கணக்கை ஒரு மனிதர் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பதற்கு நாம் கும்பகோணத்துக்குப் போகவேண்டும். அங்கே வளர்ந்த ராமானுஜன் 1915-இல், லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பொருள் இதுதான்: தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகள் உள்ள எண்கள் எவை? 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகும். 72 அதில் இல்லை. 72-க்கும் பன்னிரண்டு காரணிதான், அதற்கு முன்பே 60 பன்னிரண்டு காரணியோடு இடம் பிடித்துவிட்டது. இந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறாத மனிதருக்கு!

கட்டுரையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. கம்ப்யூட்டர் இல்லாத காலம், கையால் போட்டது. அதற்கு 10,080 காரணிகள். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். இதை வகுப்பில் சொன்னபோது, எழுந்து பதில் சொல்லவே கூச்சப்படுகிற ஒரு பெண், “விட்டுப்போனதுக்கு எத்தனை காரணி டீச்சர்?” என்றாள். நீயே போடு என்று உடைத்த எண்களைப் பலகையில் எழுதினேன்: ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. ஏழு, ஐந்து, மூன்று, மூன்று, அப்புறம் நான்கு இரண்டு என்று வழிகளை எழுதிப் பெருக்கினாள். 5,040 வந்தது. விடையை அடிக்கோடிட்டுவிட்டு, இந்த 5,040-உம் ராமானுஜன் பட்டியலில் வருமா என்று கேட்டாள். வரும், அதற்கு 60 காரணி.